நெருஞ்சிமுள் தீவுகள்: பத்தாவியா கப்பல் எப்படிப் பவளப்பாரில் ஏறியது

பழைய டச்சுக் கடல் வரைபடங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதைப் பெரிய ஓட்டல்களின் வரவேற்பறையில் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் திமிங்கிலம், மூலையில் தேவதைகள், நடுவே பாய் விரித்த நாலைந்து கப்பல்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பாலானவை கடலையே பார்க்காத வரைபடங்கள். செப்புத்தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, ஆம்ஸ்டர்டாமில் காசுள்ளவர்களின் படிப்பறைக்கு விற்றவை. கப்பலில் போன வரைபடம் வேறு சாதி. அது தோலில் கையால் வரைந்தது, படம் கிடம் இருக்காது, கரையோரக் கோடும் திசைக் கோடுகளும் மட்டும்தான், கவராயத்தின் முனை குத்திய சின்னச் சின்னத் துளைகள் வேறு இருக்கும். அந்த இரண்டாவது சாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு, 1629 ஜூன் 4 விடியற்காலையில் பத்தாவியா என்ற புத்தம் புதிய கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு எதிரே ஒரு பவளப்பாரில், அதாவது தண்ணீருக்குக் கீழே பரவிய பவளப்பாறைத் திட்டில், ஏறி உடைந்தது.

இந்தக் கப்பலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதற்குப் பிறகு தீவில் நடந்த கொலைகளைத்தான் எழுதுவார்கள். எனக்கு அதைவிட உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பார் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது பத்து வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. மோதிய கொஞ்ச நேரத்திலேயே கப்பலில் இருந்தவர்களுக்கும் இது எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பாரில் போய் எப்படி ஏறினார்கள்?

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்ததும், போர்ச்சுகீசியர்கள் வடகிழக்கே திரும்பி இந்தியப் பக்கம் வருவார்கள். பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும், வெயில் கொளுத்தும், தண்ணீர் கெடும், ஆள் சாவான், ஜாவா போய்ச் சேர ஒரு வருஷம்கூட ஆகும். 1611இல் ஹெண்ட்ரிக் பிரௌவர் என்கிற டச்சுக்காரர் வேறு மாதிரி செய்தார். முனையைத் தாண்டியதும் வடக்கே திரும்பாமல் இன்னும் தெற்கே இறங்கி, அங்கே ஓயாமல் வீசும் மேல்காற்றைப் பிடித்து நேராகக் கிழக்கே ஓட்டி, போதுமான தூரம் வந்தபின் வடக்கே திரும்பி ஜாவாவுக்குப் போனார். நேரம் பாதியாகக் குறைந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, அதாவது நம் ஊர்ப் பழைய பேச்சில் ஒல்லாந்தர் கும்பினி, சில வருஷங்களிலேயே எல்லாக் கப்பலும் இந்த வழியில்தான் போக வேண்டும் என்று கட்டளையாகவே போட்டுவிட்டது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஊக்கத்தொகையும் உண்டு.

இதே பிரௌவர் நமக்கும் ஒரு வகையில் பழக்கப்பட்டவர்தான். சோழமண்டலக் கரை இல்லாவிட்டால் மொலுக்கஸ் தீவுகளின் வியாபாரம் செத்துவிடும், அதற்கு இது இடது கை மாதிரி என்று 1612இல் எழுதிய ஆள். காரணம் எளிது. கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற தீவுக்காரர்களுக்கு ஐரோப்பியச் சரக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை, அவர்கள் கேட்டது நம் பக்கத்துத் துணியை. ஆகவே ஹாலந்திலிருந்து வெள்ளி வரும், அந்த வெள்ளியில் பழவேற்காடு, மசூலிப்பட்டினம் பக்கம் துணி வாங்குவார்கள், துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்குவார்கள், சரக்கு ஹாலந்து போகும். பத்தாவியா கப்பலின் வயிற்றில் இருந்த 12 பெட்டி வெள்ளி நாணயமும் இந்தச் சுற்றில் போட வேண்டிய முதல்தான். ஒரு கப்பல் ஒரு மாதம் தாமதித்தால் சுற்று முழுவதும் தாமதிக்கும். வேகத்துக்கு அவ்வளவு விலை இருந்தது.

சரி, கட்டளைக்கு வருவோம். முனையிலிருந்து கிழக்கே சுமார் 1000 டச்சு மைல் ஓட்டிவிட்டு வடக்கே திரும்பு. இவ்வளவுதான் சாரம். டச்சு மைல் என்பது ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் சுமார் 7.4 கிலோமீட்டர். ஆக 7,400 கிலோமீட்டர் போனதும் திரும்ப வேண்டும். யாரோ தரையில் ஆட்டோவுக்கு வழி சொல்வது மாதிரி இருக்கிறது இல்லையா, நேரே போய் மூன்றாவது சிக்னலில் இடது பக்கம். கடலில் சிக்னல் இல்லை என்பதுதான் பிரச்சினை.

வடக்கு தெற்கு நிலையை அவர்களால் நன்றாகவே அளக்க முடிந்தது. நடுப்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கருவியால் பார்த்து, அன்றைய தேதிக்கான அட்டவணையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் அட்சரேகை வந்துவிடும். கிழக்கு மேற்கு நிலைக்கு, அதாவது தீர்க்கரேகைக்கு, அப்படி வானத்தைப் பார்த்துச் சொல்லக் கைவசம் வழி இல்லை. கிளம்பிய ஊரில் இப்போது மணி என்ன என்று கப்பலில் தெரிந்தால் போதும், வித்தியாசத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஆடும் கப்பலில் மாதக்கணக்கில் சரியாக ஓடும் கடிகாரம் ஜான் ஹாரிசன் கையால் வந்து சோதனைக்குக் கடல் ஏறியது 1761இல். பத்தாவியாவுக்கு 130 வருஷம் கழித்து.

ஆகவே ஊகம். கப்பல் என்ன வேகத்தில் போகிறது, எத்தனை மணி நேரம் போனது, பெருக்கு. வேகம் தெரிவதற்கு டச்சுக்காரர்கள் செய்த ஒரு வேலை, முன்பக்கம் ஒரு மரத்துண்டைத் தண்ணீரில் போட்டு, கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குறிகளுக்கு நடுவே அது கடக்கும் நேரத்தை எண்ணுவது. அனுபவசாலிகள் பல சமயம் அதுகூடச் செய்யாமல் நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இதில் எவ்வளவு தப்பு வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36 பாகைத் தெற்கில் ஒரு தீர்க்கரேகைப் பாகை சுமார் 90 கிலோமீட்டர். 7,400 கிலோமீட்டர் என்றால் 82 பாகை. முனை ஏறத்தாழ 18 பாகைக் கிழக்கில் இருக்கிறது, ஆக 100 பாகைக் கிழக்கு வாக்கில் திரும்பியிருக்க வேண்டும். பத்தாவியா மோதிய பார் கிட்டத்தட்ட 114 பாகைக் கிழக்கில் இருக்கிறது. இடைவெளி சுமார் 1,200 கிலோமீட்டர். பார்க்கப் பெரிய இடைவெளி. ஆனால் கப்பல் முனையை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் 22, மோதியது ஜூன் 4, நடுவே 43 நாள். ஒரு நாளைக்கு 28 கிலோமீட்டர் தப்பு இருந்தால் போதும். மணிக்கு ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்! மரத்துண்டு கணக்கில் பார்த்தால் இன்னும் கொடுமை. குறிகளுக்கு நடுவே 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், கப்பல் மணிக்கு 8.3 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். துண்டு கடக்க எட்டே முக்கால் வினாடி ஆகும். எண்ணுகிறவன் அதைப் பத்து என்று எண்ணிவிட்டால், அந்த ஒன்றேகால் வினாடி 43 நாளில் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய தப்பாக வளர்ந்துவிடும். இது நான் போட்ட தோராயக் கணக்குதான், அந்தக் கப்பலின் உண்மையான ஓட்டம் இப்படி நேர்கோடாக இருந்திருக்காது. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தெற்கே அந்தக் கடல் சும்மா நிற்பதில்லை, தண்ணீரே கிழக்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. மரத்துண்டும் அதே தண்ணீரில்தான் மிதக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் நடந்துகொண்டே, நான் மணிக்கு நாலு கிலோமீட்டர் போகிறேன் என்று சொல்வது மாதிரி. எண்ணியவன் சரியாகவே எண்ணியிருந்தாலும் நீரோட்டத்தை அந்த முறையால் பார்க்கவே முடியாது. தப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: நினைத்ததைவிடக் கிழக்கே போயிருப்பார்கள்.

1616இல் டிர்க் ஹார்டோக் என்கிற கப்பல் தலைவர் இப்படித்தான் கிழக்கே தள்ளிப்போய், யாரும் சொல்லாத ஒரு நிலத்தில் இறங்கி, ஒரு ஈயத்தட்டில் தன் கப்பல் பெயரையும் தேதியையும் கீறி கம்பத்தில் அறைந்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம் வரிசையாக எல்லோரும் முட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1619இல் பிரெடரிக் டி ஹௌட்மன், இரண்டு கப்பல்களோடு வந்தவர், கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் இருக்கும் ஒரு பவளத்தீவுக் கூட்டத்தை, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு எதிர்பாராமல் பார்த்துத் தப்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் போர்ச்சுகீசியச் சொல்: அப்ரோலோஸ். 'கண்ணைத் திற' என்பதன் சுருக்கம் அது என்று ஒரு கதை சொல்வார்கள், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அகராதியைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் முள். அதுவும் எந்த முள் தெரியுமா, நம் ஊர் வரப்பில் காலில் குத்துகிற நெருஞ்சி. தண்ணீருக்குக் கொஞ்சம் கீழே பரவிக் கிடந்து குத்துகிற பாருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது வரைபடக்காரரிடம் போவோம். ஹெஸ்ஸல் ஹெரிட்ஸ், 1617 முதல் 1632இல் சாகும்வரை கும்பினியின் வரைபடக்காரர். ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்திருப்பார். திரும்பி வருகிற ஒவ்வொரு கப்பலின் நாட்குறிப்பும் வரைபடமும் அவரிடம் போக வேண்டும். அதைப் படித்துத் தாய்ப்படத்தைத் திருத்துவார், திருத்திய படத்திலிருந்து அடுத்த கப்பல்களுக்குப் பிரதி எடுப்பார்கள். பிரதி எடுக்கும் முறையைச் சொன்னால் நம் ஊர் ஆரி வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். தாய்ப்படத்தின் கரையோரக் கோடு முழுக்க ஊசியால் துளை போட்டு, கீழே புதுத் தோலை விரித்து, மேலிருந்து பொடி தேய்த்தால் புள்ளி புள்ளியாக இறங்கும், அதை மையால் இணைத்துவிட வேண்டியது. ஜாக்கெட்டில் டிசைன் இறக்குவதற்கு இன்றும் டிரேசிங் தாளில் செய்வது அதே வேலை. தோல் எதற்கு என்றால், உப்புக்காற்றிலும் ஈரத்திலும் தாள் நாறாகிவிடும், தோல் தாங்கும்.

பயணம் முடிந்ததும் படங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெளியே காட்டக்கூடாது. இந்த ரகசியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் கிழக்கே வந்ததே போர்ச்சுகீசியர்களின் ரகசியப் படங்கள் கைமாறியதால்தான். 1592இல் பார்தலோமேயு லாசோ என்கிற போர்ச்சுகீசிய வரைபடக்காரரின் படங்கள் ஆம்ஸ்டர்டாம் பாதிரியாரும் புவியியல் அறிஞருமான பிளான்சியஸ் கைக்கு வந்தன. அடுத்தவன் பூட்டை உடைத்து வீட்டுக்குள் வந்தவன் முதல் வேலையாகத் தன் வீட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்ட கதை. கும்பினியின் ஆசியக் கடல் படங்கள் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி அச்சில் தொகுப்பாக வந்தது 1753இல்தான், வான் கூலன் குடும்பம் போட்ட 'கடல் தீப்பந்தம்' என்ற கடல் வரைபட நூலின் ஆறாம் பாகமாக. அதற்குள் கும்பினிக்கே வயதாகிவிட்டிருந்தது.

ஹெரிட்ஸின் ஒரு படம் மட்டும் இந்த நிகழ்வுக்கு முக்கியம். ஏந்த்ராக்ட் நிலத்தின் வரைபடம், 1627 என்று தேதி போட்டது. ஏந்த்ராக்ட் என்பது ஹார்டோக் வந்த கப்பலின் பெயர். தலைப்பிலேயே, மாலுமிகளின் நாட்குறிப்புகளிலிருந்தும் அவர்கள் வரைந்தவற்றிலிருந்தும் தொகுத்தது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். 1627 என்று இருந்தாலும் 1628இல் பார்த்த கரையும் அதில் இருக்கிறது, ஆக பிறகு சேர்த்திருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். உள்நாடு என்பதே இல்லை. மலை, ஆறு, ஊர் எதுவும் கிடையாது, ஒரே ஒரு கரையோரக் கோடு, அதுவும் விட்டு விட்டு. கோடு இருக்கிற இடமெல்லாம் ஒரு கப்பலின் அல்லது தலைவனின் பெயரும் வருஷமும். லீவின் நிலம், 1622. ஏடெல் நிலம், 1619. ஹௌட்மனின் அப்ரோலோஸ். ஒரு நாட்டைத் தேடிப் போனவர்கள் வரைந்த படமாக அது தெரியவில்லை. தப்பாகக் கணக்குப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள் என்ற பதிவேடு. நம் கிராமத்து வளைவுகளில் விபத்து நடந்த இடத்தில் பெயர் எழுதி வைக்கிற பலகை மாதிரி.

அதில் ஒரு பொய்யும் இருக்கிறது. டிரையல் என்கிற ஆங்கிலக் கப்பல் 1622இல் இதே வழியில் வந்து வடக்கே ஒரு பாறையில் மோதிப் போனது. அதன் தலைவர் ஜான் புரூக், தான் கிழக்கே ரொம்பத் தள்ளி வந்தது தெரிந்தால் வேலை போகும் என்று, பாறை இருந்த இடத்தை மேற்கே நகர்த்தி எழுதிக் கொடுத்துவிட்டார். டச்சுக்காரர்களும் அதை வாங்கித் தங்கள் படத்தில் போட்டுக்கொண்டார்கள். இல்லாத இடத்தில் இருந்த அந்தப் பாறையை மூன்று நூற்றாண்டு தேடியிருக்கிறார்கள், 1930களில்தான் உண்மை பிடிபட்டது. ஒரு மனிதர் தன் சம்பளத்துக்காகச் சொன்ன பொய்.

இனி அந்த இரவு. பத்தாவியா 1628 அக்டோபர் கடைசியில் ஹாலந்தின் டெக்ஸல் பக்கத்திலிருந்து கிளம்பியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள், மாலுமி, சிப்பாய், வணிகர், சில குடும்பங்கள், குழந்தைகள். கீழே பாரமாக, பத்தாவியா நகரத்துக் கோட்டை வாசலுக்கென்று வெட்டிச் செதுக்கிய மணற்கல் துண்டுகள். அந்த நகரம்தான் இன்றைய ஜகார்த்தா.

கப்பலில் யார் பெரியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பலை ஓட்டத் தெரிந்த அரியன் யாகப்ஸ் இல்லை. பெரியவர், மூத்த வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட். ஆக்ராவில் ஏழு வருஷம் கும்பினிக்காக அவுரி வாங்கியவர், மொகலாய அரண்மனைக்கு என்ன விற்கலாம் என்பது தெரிந்தவர், இந்தப் பயணத்திலும் அதற்கென்று வெள்ளிச் சாமான்களும் ரத்தினக்கல் வேலைப்பாடும் கொண்டுவந்தார். கும்பினிக் கப்பலில் எப்போதும் இந்த ஏற்பாடுதான், சரக்குக்காரன் மேலே, கடல்காரன் கீழே. போதாக்குறைக்கு இந்த இருவருக்கும் சூரத்திலிருந்தே ஆகாது. பயணத்தில் பெல்சார்ட் உடம்புக்கு முடியாமல் பெரும்பாலும் படுக்கையில்.

விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது காவல் யாகப்ஸுடையது. எதிரே வெள்ளையாக ஏதோ தெரிந்திருக்கிறது. நிலா வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது என்று முடிவு செய்தார். அவர் கணக்குப்படி நிலம் எங்கேயோ தொலைவில் இருந்தது, ஆகவே அது அலை உடையும் நுரையாக இருக்க வாய்ப்பே இல்லை. இந்த ஒரு இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கண்ணில் தெரிந்ததைவிடப் புத்தகத்தில் எழுதியதை நம்பினார், நாம் கூகுள் மேப் சொன்னதென்று முட்டுச்சந்துக்குள் காரை விடுகிற மாதிரி. பாய்கள் எல்லாம் விரிந்திருக்க, முழு வேகத்தில் கப்பல் பாரில் ஏறியது. பெல்சார்ட் படுக்கையிலிருந்து விழாத குறையாக மேலே ஓடிவந்து, என்ன காரியம் செய்தாய், எல்லோர் கழுத்திலும் கயிற்றை மாட்டிவிட்டாயே என்று கத்தியதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

விடிந்ததும் சின்னச் சின்னத் தீவுகள் தெரிந்தன. பெல்சார்ட் குறித்த அட்சரேகை 28 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). உண்மையில் 28 பாகை 29 கலைப் பக்கம். வித்தியாசம் 17 கிலோமீட்டர் வாக்கில். வடக்கு தெற்கில் 17, கிழக்கு மேற்கில் பல நூறு. இது ஹௌட்மனின் அப்ரோலோஸ்தான் என்று அவர் அட்சரேகையை வைத்தே சொல்லிவிட்டார். படத்தில் பார் இருந்தது, பார் எந்த அட்சரேகையில் என்பதும் இருந்தது. படத்தின் மேல் தன் கப்பல் எங்கே என்று கவராயத்தை ஊன்றுவதற்குத்தான் அவர்களிடம் எதுவும் இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ரத்தம் நிறைய. சுமார் 40 பேர் மூழ்கினார்கள், மற்றவர்கள் தண்ணீர் இல்லாத பவளத்திட்டுகளில் ஏறினார்கள். பெல்சார்ட்டும் யாகப்ஸும் இன்னும் சிலருமாக 48 பேர் படகில் தண்ணீர் தேடிக் கரைக்குப் போய், கிடைக்காமல், அப்படியே பத்தாவியா நகரம்வரை ஓட்டிக்கொண்டு ஜூலை 7 அன்று போய்ச் சேர்ந்தார்கள். கைக்குழந்தை உட்பட அந்தப் படகில் ஒருவரும் சாகவில்லை என்பது யாகப்ஸ் எப்பேர்ப்பட்ட கடலோடி என்பதற்கு அத்தாட்சி. அவரைக் கவனக்குறைவுக்காக உடனே உள்ளே போட்டார்கள். இங்கே தீவில், ஹார்லெமில் மருந்துக்கடை வைத்து நொடித்துப்போய்க் கப்பலேறிய இளைய வணிகர் யெரோனிமஸ் கார்னெலிஸ் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் மீட்புக் கப்பலைக் கைப்பற்றும் திட்டத்தோடு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஆள் வைத்துக் கொன்றார். தண்ணீர் தேடிச் சாகட்டும் என்று பெரிய தீவுக்கு அனுப்பப்பட்ட வீபெ ஹேயஸ் என்ற சாதாரணச் சிப்பாய் தண்ணீரைக் கண்டுபிடித்து, கல்லடுக்கி அரண் கட்டி எதிர்த்து நின்றார். அந்தக் கல்லடுக்கு இன்றும் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டியதில் அதற்கு முந்தியது தெரியவில்லை.

எனக்கு வேண்டியது மீட்புக் கப்பலின் பயணம். ஜூலை 15 அன்று சார்டாம் என்ற கப்பலில் பெல்சார்ட்டைத் திருப்பி அனுப்பினார்கள். திறந்த படகு ஒரு மாதத்தில் வந்த வழியை அந்தக் கப்பல் போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது, செப்டம்பர் 17. எதிர்க்காற்று ஒரு காரணம். இன்னொன்று, பக்கத்தில் வந்தபிறகும் தீவுகள் அகப்படவில்லை. அந்த 17 கிலோமீட்டர் இப்போது வட்டியோடு வந்து நின்றது. பல வாரம் மேலும் கீழுமாக அலைந்தார்கள். கொலைகளில் பெரும்பகுதி ஜூலையிலேயே முடிந்துவிட்டது, ஆகவே அலைச்சலால்தான் அத்தனை பேரும் செத்தார்கள் என்று சொன்னால் அது தப்பு. ஆனால் சார்டாம் வந்த அதே நாளில்தான் ஹேயஸின் ஆட்கள் மேல் கடைசித் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஹேயஸ் படகில் முந்திப்போய் எச்சரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கப்பலும் போயிருக்கும்.

அக்டோபர் 2 அன்று கார்னெலிஸையும் இன்னும் சிலரையும் அங்கேயே தூக்கில் போட்டார்கள். விசாரணை ஒரு பக்கம், முத்துக்குளிப்பு மாதிரி வேலை இன்னொரு பக்கம்: கூட்டி வந்திருந்த டச்சு, குஜராத்தி முக்குளிப்பவர்களை இறக்கி வெள்ளிப் பெட்டிகளை எடுத்தார்கள், பன்னிரண்டில் பத்து கிடைத்தது. அப்புறம் ஒரு சம்பவம், படிக்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பாரில் ஒரு சின்ன வினிகர் பீப்பாய் ஒதுங்கியிருப்பதாகத் தகவல். கும்பினிச் சொத்தாயிற்றே. அதை எடுத்துவர சார்டாமின் தலைவரையும் நாலு பேரையும் படகில் அனுப்பினார்கள். காற்று எழுந்தது, படகு திரும்பி வரவில்லை. இத்தனை பேர் செத்த இடத்தில், வினிகருக்காக இன்னும் ஐந்து பேர்.

இதில் குற்றவாளி வரைபடம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படம் தனக்குத் தெரிந்ததைச் சரியாகவே சொன்னது. கிழக்கு மேற்கை அளக்க முடியாது என்று தெரிந்துகொண்டே, கிழக்கே இவ்வளவு தூரம் ஓட்டு என்று எழுதியது கட்டளை. ஆம்ஸ்டர்டாம் இயக்குநர்கள் கணக்கில் இது சரியான பேரம். ஒவ்வொரு கப்பலுக்கும் பல மாதம் மிச்சம், எப்போதாவது ஒன்று உடையும். உண்மையிலேயே அப்படித்தான் ஆனது, இரண்டு நூற்றாண்டில் அந்தக் கரையில் அடையாளம் தெரிந்து உடைந்த கும்பினிக் கப்பல் நாலுதான்: பத்தாவியா, 1656இல் வெர்குல்டெ டிராக், 1712இல் ஸாய்ட்டார்ப், 1727இல் ஸீவைக். ஆயிரக்கணக்கில் போய்வந்த கப்பல்களுக்கு நாலு. லாபநஷ்டப் புத்தகத்தில் அது ஒரு வரிகூட வராது.

கடைசிக் கப்பலான ஸீவைக்கின் கதை டிரையலுக்குத் தம்பி. அதன் தலைவர் யான் ஸ்டெய்ன்ஸ், தென்னிலத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கட்டளையை மீறிக் கிழக்கே ஓட்டி, இதே அப்ரோலோஸின் தென்பகுதியில் ஏறினார். பிழைத்தவர்கள் உடைந்த மரத்தில் புதிதாக ஒரு படகே கட்டி பத்தாவியா நகரம் போனார்கள், 88 பேர் கிளம்பி 82 பேர் சேர்ந்தார்கள். போனதும் ஸ்டெய்ன்ஸ் நாட்குறிப்பைத் திருத்தி எழுதியது அம்பலமாகித் தண்டிக்கப்பட்டார். புரூக்குக்குப் பின் நூறு வருஷம் கழித்தும் தலைவர்கள் கடலைவிட அலுவலகத்துக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

பெல்சார்ட் பெயர் கெட்டு அடுத்த வருஷமே, 1630இல் செத்தார். கப்பலில் கலகம் செய்யத் திட்டமிட்டதாக யாகப்ஸ் மேலும் குற்றம் சாட்டினார்கள், சித்திரவதையிலும் அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கொலைகாரர்களில் இருவரைத் தூக்கில் போடாமல் ஆஸ்திரேலியக் கரையில் இறக்கிவிட்டார்கள். 1644இல் டச்சுக் கடலோடி டாஸ்மன் கிளம்பும்போது அவர்களைப் பார்த்தால் விசாரி என்று உத்தரவு, யாரும் அகப்படவில்லை.

1840இல் பீகிள் கப்பல் அப்ரோலோஸை அளக்க வந்தது. ஸ்டோக்ஸ் என்ற அதிகாரி தெற்குத் தீவுகளில் பழைய கப்பலின் மிச்சத்தைப் பார்த்து, இது பத்தாவியாவாகத்தான் இருக்கும் என்று நம்பி, அந்தத் தீவுகளுக்குப் பெல்சார்ட் குழு என்று பெயர் வைத்துப் படத்தில் ஏற்றிவிட்டார். அது ஸீவைக். படத்தை நம்பித் தேடியவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் தப்பான இடத்திலேயே தேடினார்கள். 1950களில் ஹென்றியட்டா டிரேக்-பிராக்மன் என்ற எழுத்தாளர் பெல்சார்ட்டின் குறிப்பைத் திரும்ப வரிவரியாகப் படித்து, அப்ரோலோஸின் வடக்கே இருக்கும் வாலபி தீவுக் குழுவில் பாருங்கள் என்றார். 1960இல் அங்கே ஒரு தீவில் மண்ணைத் தோண்டிய இறால் மீனவர்களுக்கு எலும்புக்கூடு கிடைத்தது. 1963இல் ஒரு மீனவர் காட்டிய இடத்தில், சரியாக ஜூன் 4 அன்று, முக்குளித்து இறங்கியவர்கள் பத்தாவியாவின் பீரங்கிகளைத் தொட்டார்கள். கோட்டைக்குப் போகாத அந்த மணற்கல் வாசலை இப்போது ஜெரால்டன் அருங்காட்சியகத்தில் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், கப்பலின் பின்பக்க மரங்கள் இருக்கும் பிரீமேண்டில் அருங்காட்சியகத்தில் வாசலின் நகல் ஒன்று நிற்கிறது.

இன்றைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பெல்சார்ட் குழு தெற்கேதான் இருக்கிறது, பெல்சார்ட்டின் கப்பல் கிடந்த இடம் அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே.